சின்ன நிலையம் டிஜிட்டலாகும் நாளில் திரை இருளாமல் இருக்க

அமெரிக்காவில் பெரிய டிவி நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்றே அனலாக் என்ற பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. குறைந்த சக்தி நிலையங்களுக்கும், மலைக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குச் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் டிரான்ஸ்லேட்டர்களுக்கும் பொதுவான கெடு 2021 ஜூலை 13 ஆக இருந்தது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் போனதால், "டிஜிட்டல் மாற்றமா? அதுதான் எப்போதோ முடிந்ததே" என்று மக்கள் நினைத்தது இயல்பு. ஊர் மக்களுக்குக் கொடுக்கும் அறிவிப்பில் கெடு தேதியை மட்டும் போட்டாலும் பயன் இருக்கவில்லை. 2017 அலைவரிசை ஏலத்துக்குப் பிறகு 38 முதல் 51 வரையிலான சேனல்களை செல்போன் சேவைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால், பல நிலையங்கள் கெடுவுக்கு முன்னதாகவே வேறு சேனலுக்கு மாறின. ஆகவே அந்த ஊர் நிலையம் எந்த நாளில் மாறியதோ, அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அனலாகில் சிக்னல் தளர்ந்தாலும் புள்ளிபுள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் இரைச்சலைவிடச் சிக்னல் சுமார் 15 டெசிபல் மேலே இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே வராது. புள்ளியோடு பார்த்துப் பழகிய வீடுகளை முதலில் தேடிப் பிடியுங்கள். புது டிவி வாங்கச் சொல்வதற்கு முன் வயரைப் பாருங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 3.5 டெசிபலைத் தின்றுவிடும். நான்காகப் பிரித்தால் 7. ஆன்டெனா கம்பத்தில் உள்ள பூஸ்டருக்கு மின்சாரம் அதே கோஆக்சியல் வயரில்தான் ஏறுகிறது. நடுவில் அந்த மின்சாரத்தை (டிசி) விடாத ஸ்ப்ளிட்டர் இருந்தால் பூஸ்டர் செத்துக் கிடக்கும். அதற்குப் பூஸ்டரே இல்லாமல் இருப்பது மேல். 51ஆம் சேனல் வரைக்கும் செய்த பழைய பூஸ்டர், 617 முதல் 652 மெகாஹெர்ட்ஸ் வரை வரும் செல்போன் கோபுரச் சிக்னலையும் சேர்த்துப் பெருக்கித் திணறும். பூஸ்டருக்கு முன்னால் செல்போன் சிக்னலைத் தடுக்கும் ஒரு எல்டிஇ ஃபில்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரையில் தெரியும் எண்ணை நம்பி ஆன்டெனா வாங்காதீர்கள். 5.1 என்று காட்டும் நிலையம் உண்மையில் 24ஆம் சேனலில் ஒளிபரப்பாகலாம். எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) உரிமப் பதிவில் இருக்கும் சேனல்தான் கணக்கு: 14 முதல் 36 என்றால் யுஎச்எஃப் (உயர்ந்த அலைவரிசை) ஆன்டெனா போதும், 7 முதல் 13 என்றால் விஎச்எஃப் (அதைவிடத் தாழ்ந்த அலைவரிசை) பிடிக்கும் நீளக் கம்பிகளும் வேண்டும்.

ஸ்கேன் செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளத்தாக்கு ஊர்களில் இரு திசைகளில் டிரான்ஸ்லேட்டர் இருக்கும். ஆன்டெனாவைத் திருப்பி முழு ஸ்கேன் போட்டால் முதல் திசையில் கிடைத்தவை அழிந்துபோகும். முதல் திசைக்கு முழு ஸ்கேன், அடுத்த திசைக்கு "சேனல் சேர்" மட்டும். டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு மாற்றித் தரும் எல்லா பாக்ஸிலும் அந்த வசதி இல்லை. இல்லாவிட்டால் 24 போன்ற உண்மையான எண்ணைக் கையால் தட்டிப் பாருங்கள், பல பெட்டிகள் பிடித்துக்கொள்ளும்.

கேபிள், டிஷ் வைத்திருப்பவர்களையும் விடாதீர்கள். சின்ன நிலையங்களைக் கேபிளில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. உள்ளூர் நிகழ்ச்சிக்காகத் தனியாக ஆன்டெனா வைத்திருப்பார்கள். இன்னொன்று: 2009 வாக்கில் அரசு தந்த 40 டாலர் கூப்பனில் வாங்கிய பாக்ஸ் ஏடிஎஸ்சி 1.0 என்ற முந்தைய டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தை மட்டுமே படிக்கும். நிலையம் புதிய தரமான 3.0க்கு மட்டும் மாறினால் அது உதவாது. எந்தத் தரத்தில் ஒளிபரப்பு என்பதையும் துண்டறிக்கையில் போட்டுவிடுங்கள்.