பருப்பு வேகாத தண்ணீரில் மீன் வளர்ப்பது

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேக வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. குக்கரில் ஆறு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும், குளியலறை பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படிந்திருக்கும். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை கேரளாவில்தான் இருக்கிறது என்றாலும் இந்தப் பக்கம் மழை குறைவு, கரிசல் மண், தண்ணீர் அப்படியே பொள்ளாச்சிப் பக்கத்துத் தண்ணீர். இதே பாலக்காடு மாவட்டத்தில் மேற்கே ஒற்றப்பாலத்தில் அக்கா வீட்டுக் கிணறு வெட்டுக்கல்லில் தோண்டியது. அங்கே சோப்பை லேசாகத் தேய்த்தாலே நுரை பொங்கும், பருப்பு மூன்று விசிலில் குழையும்.

இரண்டு வீட்டிலும் மீன் தொட்டி இருக்கிறது. இரண்டிலும் மீன்களைக் கொன்றவன் நான்தான். ஒரே தப்பை இரண்டு திசையிலும் செய்தேன் என்று சொல்லலாம்.

முதலில் எங்கள் வீடு. நியான் டெட்ரா வாங்கி வந்தேன். அமேசான் காட்டு ஓடைகளில் வாழ்கிற மீன், அதற்கு 6.5 பக்கம் பிஎச் இருந்தால் நல்லது என்று படித்திருந்தேன். என் தொட்டியில் 8.2 காட்டியது. பிஎச் என்பது 1909இல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர், கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தபோது அமிலத்தன்மையை எண்ணால் சொல்லக் கொண்டுவந்த கணக்கு. அதில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். அதாவது 8.2க்கும் 6.5க்கும் நடுவே ஐம்பது மடங்கு வித்தியாசம். இது அப்போது மண்டையில் ஏறவில்லை. பிஎச்சைக் குறைக்கும் அமிலம் ஒரு பாட்டில் வாங்கி, அளந்து ஊற்றினேன். 6.8 ஆனது. மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி எட்டுக்கு மேல்! மறுபடி ஊற்றினேன். இப்படியே ஐந்து நாள். ஆறாம் நாள் அதே அளவு ஊற்றியதும் பிஎச் ஒரேயடியாக ஐந்துக்குக் கீழே போய்விட்டது. பத்து நியானில் ஏழு போயின.

நடந்தது இதுதான். நம் போர் தண்ணீரில் கால்சியத்தோடு கூடவே பைகார்பனேட்டும் நிறைய வருகிறது. பருப்பை வேக விடாதது கால்சியம், பிஎச்சை அசைய விடாதது பைகார்பனேட். அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனியை பைகார்பனேட் பிடித்துக்கொண்டு, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. அந்த வாயு தண்ணீரில் கரைந்து இருக்கும்வரைதான் பிஎச் தாழ்வாக நிற்கும். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடினால், திறந்து வைத்த சோடாவில் கேஸ் போகிற மாதிரி, வாயு போய்விடும், பிஎச் ஏறிவிடும். நாம் என்னவோ தோற்றுப்போன மாதிரி நினைப்போம். உண்மையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பைகார்பனேட் செலவாகிக்கொண்டே இருக்கிறது. அது தீர்ந்த அன்றைக்கு அமிலத்தைத் தடுக்க ஆள் இல்லை.

அதனால் பார்க்க வேண்டியது பிஎச்சை விட இந்த பைகார்பனேட் இருப்பைத்தான். கடையில் இதைக் கேஎச் என்பார்கள். டெஸ்ட் கிட்டில் 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவோம், நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆனதோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எங்கள் வீட்டில் 14 சொட்டு, அக்கா வீட்டில் ஒரே சொட்டு.

அக்கா வீட்டுக் கதை இன்னும் மோசம். பிள்ளைகள் வளர்த்த கப்பி மீன்கள், நாலைந்து மாதமாக யாரும் தண்ணீர் மாற்றவில்லை, ஆனாலும் மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. அளந்து பார்த்தேன், பிஎச் 5.8. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராம் கால்சியம் கார்பனேட் அளவு கரைந்து போகும். ஒரு டிகிரி கேஎச் இதற்கு எத்தனை நாள் தாங்கும்? பிஎச் ஆறுக்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், கழிவு சேர ஆரம்பிக்கும். மீன் ஏன் சாகவில்லை என்றால், பிஎச் குறைவான தண்ணீரில் அம்மோனியா கிட்டத்தட்ட எல்லாமே அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும், அது அவ்வளவு விஷமில்லை.

நான்தான் விவரமானவன் ஆயிற்றே. "ரொம்ப அமிலமா இருக்குது அக்கா, நான் சரி பண்றேன்" என்று அடுக்களையிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்து மூன்று ஸ்பூன் கரைத்து ஊற்றினேன். பிஎச் எட்டுக்கு வந்தது. ஆறில் இருந்து எட்டுக்கு ஏறினால் அதே கழிவில் விஷ அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய நூறு மடங்காகும். சாயங்காலத்துக்குள் எல்லா கப்பியும் மேலே மிதந்தன. பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆப்ப சோடா மேல் குற்றமில்லை, 100 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் இரண்டு டிகிரி கேஎச் ஏறும், நல்ல வழிதான். ஆனால் முதலில் சில நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி அம்மோனியத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் சோடா, அதுவும் நாளுக்குக் கால் ஸ்பூனாக. இப்போது அக்கா வீட்டு ஃபில்டரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணியில் கட்டிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் அமிலமாக ஆக அது கரையும், சரியாகிவிட்டால் தானே நின்றுவிடும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் செய்ய வேண்டியது வேறு. போர் தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் அளக்காதீர்கள், நிலத்தடியில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதில் இருக்கும், 7.3 காட்டும், ஒரு நாள் வைத்தால் 8.2 ஆகும். செடி நிறைய இருக்கிற தொட்டியில் விடியற்காலையும் சாயங்காலமும் வேறு வேறு எண் வரும், அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள். வாதுமை இலை போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், அழகாகத்தான் இருக்கும், ஆனால் 14 டிகிரி கேஎச்சை அது அசைக்காது. உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கலப்பதுதான் வழி, கேஎச்சும் பாதியாகும். கூரையிலிருந்து பிடிப்பதானால் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். சரளைக் கல் வாங்கினால் இரண்டு கல் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக்கல், நம் தண்ணீருக்கு வேண்டவே வேண்டாம்.

நான் அந்த வேலையும் செய்வதில்லை. நியானை விட்டுவிட்டேன். மோலியும் கப்பியும் கடினத் தண்ணீரில்தான் கொழுகொழுவென்று இருக்கும், அதையே வளர்க்கிறேன். மீதியிருந்த அமில பாட்டிலை அம்மா எடுத்துப் போய் குளியலறை பக்கெட்டில் ஊற்றினார். வெள்ளைப் படிவு முழுக்கப் பொங்கிப் பொங்கிக் கரைந்தது.