பென் பென்சிலுக்குள் இரண்டு பிடிகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட வாசல் கடைகளில், பொத்தானை அமுக்கினால் எழுதும் குச்சி (லெட்) நீளும் 'பென் பென்சில்' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். கெட்டுப்போச்சு என்று பிள்ளைகள் தூக்கிப் போடும் பென்சில்களில் பல கெட்டவையே அல்ல. ஒரு துண்டு லெட் உள்ளே சிக்கியிருக்கும், அவ்வளவுதான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கயிறு இழுப்பவர்களின் கைகளைக் கவனியுங்கள். ஒரு கை பற்றியிருக்கும்போதுதான் மறு கை தளர்ந்து, நகர்ந்து, அடுத்த பிடி பிடிக்கும். பென் பென்சில் லெட்டை நகர்த்துவதும் இப்படித்தான்.

முனையிலுள்ள கூம்பைத் திருகிக் கழற்றினால் முதல் கை தெரியும். நுனி மூன்றாகப் பிளந்த சிறு பித்தளைக் குழாய், அதைச் சுற்றி ஒரு வளையம், பின்னால் ஸ்பிரிங். (மலிவான பென்சில்களில் பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கும், சீக்கிரம் தேயும்.) ஸ்பிரிங் குழாயைப் பின்னுக்கு இழுக்க, வளையம் மூன்று தாடைகளையும் நெருக்கும், லெட் கவ்வப்படும். எழுதும்போது அழுத்தினால் தாடை வளையத்துக்குள் இன்னும் இறங்கிப் பிடி இறுகும். இரண்டாவது கை, கூம்புக்குள் ஒளிந்திருக்கும் எள்ளளவு ரப்பர்.

பொத்தானை அமுக்கியதும் தாடை, வளையம், லெட் மூன்றும் சேர்ந்து சுமார் அரை மி.மீ. முன்னேறும். வளையம் கூம்பின் உள்விளிம்பில் முட்டி நின்றுவிட, தாடை மட்டும் இன்னும் முன்னே போய் விரியும். விரலை எடுத்தால் தாடை விரிந்தபடியே பின்வாங்கும். அந்த நொடியில் லெட் பின்னால் போகாமல் பிடிப்பது ரப்பர்தான். அது கழன்றுவிட்டால், அமுக்கும்போதே லெட் வழுக்கி விழும். அடைப்பெடுக்கிறேன் என்று குண்டூசியால் கூம்பைக் குடைந்தால் ரப்பர் பிய்ந்து வந்துவிடும், குடையாதீர்கள்.

லெட் என்று சொன்னாலும் அதில் ஈயம் துளியும் இல்லை. மரப் பென்சிலில் கிராஃபைட்டும் களிமண்ணும். அரை மி.மீ. குச்சிக்கு அந்தக் கலவையின் வலு போதாது. அதனால் கிராஃபைட்டைப் பிசினோடு பிசைந்து, இழையாகப் பிதுக்கி, காற்றுப் படாமல் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பிசின் கரியாகி, கிராஃபைட் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிறகு நுண்துளைகளில் எண்ணெய் ஊற வைக்கிறார்கள். தாளில் வழுவழுவென்று ஓடுவது அதனால்தான். ஜப்பானின் பென்டெல் 1960-இல் இத்தகைய லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

டப்பாவில் 0.5 என்று போட்டிருந்தாலும் உண்மையான விட்டம் சுமார் 0.56 மி.மீ. வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் படிக்கேற்ப (விட்டம் × விட்டம் × விட்டம்) கூடும். ஆகவே 0.7 லெட் கிட்டத்தட்ட 2 மடங்கு தாங்கும். கை அழுத்தி எழுதும் பிள்ளைக்கு 0.7 வாங்குங்கள், மெல்லிய கோடு வரைய 0.5 போதும். வெளியே நீளும் அளவு இரட்டித்தால் பாதி விசையிலேயே லெட் முறியும். 2 அமுக்கு, அதாவது 1 மி.மீ., போதும்.

0.7 பென்சிலில் 0.5 லெட் போட்டால் தாடை சரியாகக் கவ்வாது. எழுத எழுத உள்ளே போகும். சரியான லெட்டும் உள்ளே போனால் தாடையில் கரித்தூள் படிந்திருக்கும்: கூம்பைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும். லெட் வரவே இல்லையென்றால், பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறொரு லெட்டைக் கூம்பின் வாய்வழியே மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். சிக்கிய துண்டு வெளியேறும். உள்ளே ஒரு நேரத்தில் 2 அல்லது 3 குச்சி போதும், திணித்தால் ஒன்றையொன்று நெருக்கி முறியும். மொசைக் தரையில் ஒருமுறை விழுந்தாலும் குழாய்க்குள்ளேயே லெட் துண்டு துண்டாகிவிடும்.

60 மி.மீ. குச்சியில் கடைசி 1 செ.மீ. அளவு தாடையைத் தாண்டிவிடும். அப்போது அதைப் பிடித்திருப்பது ரப்பர் மட்டுமே. அதனால்தான் எழுதும்போது சுழல்கிறது, ஆடுகிறது. பின்னாலிருந்து அடுத்த லெட் வந்து முட்டினால் இன்னும் சில வரி ஓட்டலாம்.