மான் கொஞ்சம் தள்ளி நின்றால் போர் குழம்பிவிடும்

கொக்குவிலில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ், றெட் அலேர்ட் மாதிரி கேம் ஏன் இப்ப பெரிசா வாறேல்லை? ஆக்கள் விளையாடாமல் விட்டிட்டினமோ?"

ஆட்கள் விடவில்லை. விட்டவர்கள் வேறு ஆட்கள். அதற்கு முன்னால், ஊர் கட்டிப் படை நடத்தும் அந்த வியூக ஆட்டங்களின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று சொல்லியாக வேண்டும். எனக்கு அதில் தனிப் பிரியம்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணத்தில் நெற் கபேக்கள் முளைத்தன. ஒன்றோடொன்று கேபிளால் தொடுத்த பழைய கணினிகளில் நாலு பெடியள் படை நடத்தினால் கடை முழுக்கச் சத்தமாக இருக்கும். திரையில் நூற்றுக்கணக்கான வில்லாளிகள். அவ்வளவு பேரின் நடமாட்டத்தையும் அந்த வலைப்பின்னல் எப்படிச் சுமந்தது?

சுமக்கவில்லை என்பதுதான் விடை. 1997இல் வந்த முதலாவது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸைச் செய்தவர்கள், தொலைபேசிக் கம்பி வழியே வினாடிக்கு 28.8 கிலோபிட் மட்டும் கடத்தும் மோடத்தில் எட்டுப் பேர் விளையாட வேண்டும் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், எவ்வளவு அடி வாங்கியிருக்கிறான் என்று அனுப்பினால், 250 உருவங்களுக்கு மேல் மோடம் தாங்காது. அவர்களுக்கு வேண்டியதோ ஆயிரத்துக்கும் மேலே. ஆகவே வீரர்களை அனுப்புகிற வேலையையே விட்டுவிட்டு, விளையாடுபவரின் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். "இந்த இருபது பேரும் அந்த ஆற்றங்கரைக்குப் போங்கள்", அவ்வளவுதான். மிச்சத்தை எட்டுக் கணினிகளும் தனித்தனியே, ஒரே மாதிரிக் கணித்துக்கொள்ளும்.

நேரம் சிறு சிறு சுற்றுகளாக வெட்டப்படும். ஒரு சுற்று சுமார் 200 மில்லிவினாடி. 1000ஆவது சுற்றில் நீங்கள் கொடுத்த கட்டளை 1002இல்தான் நிறைவேறும். இடைப்பட்ட நேரத்தில் அது எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இந்தத் தாமதத்தை ஏன் யாரும் கவனிப்பதில்லை? வீரனின் கால் சில நூறு மில்லிவினாடி பிந்தினாலும் அவன் குரல் பிந்தாது. இவ்வகை ஆட்டங்களில் சொடுக்கிய உடனே வீரன் "சரி" என்று பதில் சொல்லிவிடுவான். இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். அரை வினாடித் தாமதம்கூடச் சீராக இருந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை வேகம், ஒருமுறை மந்தம் என்று மாறி மாறி வந்தால்தான் கோபம் வருகிறது.

இதில் ஒரு கொடூரமான நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எட்டுக் கணினியும் அச்சுப் பிசகாமல் ஒரே விடைக்கு வரவேண்டும். அம்பு படுமா படாதா என்பதுபோன்ற தற்செயல்கூடப் பொதுவாக இருக்க வேண்டும். அதற்காக எல்லாக் கணினியும் ஒரே விதை எண்ணில், அதாவது ஒரே தொடக்க எண்ணில், தொடங்கி ஒரே வரிசையில் தற்செயல் எண்களை எடுக்கும். ஒரு கணினி ஓர் எண்ணை மேலதிகமாக எடுத்துவிட்டால் போச்சு. முதலாவது ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு வாய்த்த ஒரு பிழை இது: வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மட்டும் ஒரு மான் கொஞ்சம் தள்ளி நின்றது. அதனால் அது வேறு மாதிரி மேய்ந்தது. சில நிமிடம் கழித்து ஒரு கிராமத்தான் எறிந்த ஈட்டி தவறி, இறைச்சி வீட்டுக்கு வரவில்லை. கணினிகள் இடைக்கிடை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டுத்தொகையில் உணவுக் கணக்கு இடிக்கும். ஆனால் அந்த வித்தியாசத்தைப் பார்த்து மானை யார் சந்தேகிப்பார்?

வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இப்படித்தான். ஒரே வானம், கணிக்கும் முறை வேறு. திருக்கணிதத்தில் சனி 2025 மார்ச்சில் பெயர்ந்தார். வாக்கியத்தில் 2026 மார்ச் வரை பொறுத்திருந்தார். கணினியென்றால் "ஒத்திசைவு குலைந்தது" என்று ஆட்டத்தை நிறுத்திவிடும். நாங்கள் இரண்டு முறையும் எள்ளெண்ணெய் எரிக்கிறோம்.

சரி, தம்பியின் கேள்வி. இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய ஆட்டம் மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் பொருந்தியது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கன்ட்ரோலரோடு இருப்பவருக்கு இருபது வீரரைத் தெரிவுசெய்வதே பெரும்பாடு. பெரிய வெளியீட்டாளர்களின் சந்தையோ அந்தப் பக்கம் போய்விட்டது. ஆட்டம் செய்யும் செலவு ஏற ஏற, "இது லாபமா?" என்ற கேள்வி மறைந்து, "இதே ஆட்களை வைத்து இதைவிடப் பெரிதாக எதைச் செய்யலாம்?" என்ற கேள்வி வந்தது. 2013இல் டூம் ரெய்டர் ஒரு மாதத்துக்குள் 34 இலட்சம் பிரதிகள் விற்றும், எதிர்பார்த்த அளவு இல்லை என்றது அதன் வெளியீட்டாளரான ஸ்குவேர் எனிக்ஸ். டெட் ஸ்பேஸ் போன்ற திகில் தொடருக்கு 50 இலட்சம் பேர் தேவை என்று அதன் வெளியீட்டாளரான எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் பேசியது. பயமுறுத்தவென்று பிறந்த தொடரின் மூன்றாம் பாகத்தில் துணைக்கு இன்னொருவரைச் சேர்த்து விளையாட வழி வைத்தார்கள். துணைக்கு ஆள் இருந்தால் என்ன பயம்!

வியூக ஆட்டங்களுக்கும் இதே கதிதான். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸைச் செய்த என்செம்பிள் ஸ்ரூடியோஸை 2001இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது. 2009இல் மூடியது. கடைசி ஆட்டமான ஹேலோ வோர்ஸ் கடைக்கு வருமுன்பே மூடப்போவதாக அறிவித்தாயிற்று, ஆகவே விற்பனையைக் காரணம் காட்டவும் முடியாது. றெட் அலேர்ட்டைத் தந்த வெஸ்ற்வூட்டை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 1998இல் வாங்கி 2003இல் மூடியது. றெட் அலேர்ட்டும் அடங்கிய கொமாண்ட் அண்ட் கொங்கர் தொடரில் 2010இல் வந்த நான்காவது டைபீரியம் ஆட்டத்தில் தளம் கட்டுவதும் வளம் சேர்ப்பதும் இல்லை. தனியே விளையாடவும் இணையம் அறாமல் இருக்க வேண்டும். மோடத்தையே மதித்துக் கட்டிய ஆட்ட வகைக்கு இதைவிட அவமானம் இல்லை என்பேன்.

பழைய ரசிகர்கள் கலையவில்லை. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்குச் சொந்தமாக மேலதிகப் பகுதி செய்த ரசிகர் குழு, 2013இல் அதிகாரபூர்வமாகவே வேலைக்கு வந்தது. 2022இல் வெளியான இந்திய வம்சங்கள் பற்றிய தொகுப்பில் திராவிடர் படை இருக்கிறது, உருமி வீசும் வீரர் இருக்கிறார், இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் இருக்கிறது. 1999இன் ஆட்டம் அது.

2025இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸும் ஒரு நல்ல காரியம் செய்தது: கொமாண்ட் அண்ட் கொங்கர் தொடரின் ஜெனரல்ஸ், ஸீரோ அவர் ஆட்டங்களின் மூலநிரலை வெளியே விட்டது. எங்கள் கணினி மாணவர்கள் இறுதி ஆண்டு ஆய்வுக்கு இதை எடுக்கலாம். விளையாட்டு என்றதும் நிதி கொடுப்பவர்கள் முகம் சுழிப்பார்கள். "பரவல் கணிமையில் ஒத்திசைவு" என்று தலைப்புப் போட்டால் கையெழுத்து விழும். திறந்ததும் தற்செயல் எண்கள் பிறக்கும் இடத்தைப் பாருங்கள். ஆட்டத்தின் கணக்குக்கு ஒரு வரிசை, புகைக்கும் பொறிக்கும் வேறு வரிசை, ஒலிக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். புகை ஆளுக்கொரு விதமாகச் சுழலலாம், குண்டு மட்டும் எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில்தான் விழ வேண்டும்.