காலாவதியான அட்டவணையோடு நீதிமன்றம் செல்லாதீர்கள்

வேறொரு வழக்கறிஞர் தாக்கல் செய்து தள்ளுபடியான பிணை மனு ஒன்றின் நகல் அண்மையில் என் மேசைக்கு வந்தது. அதன் மூன்றாம் பத்தியில், மனுதாரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட இரண்டு நட்சத்திர ஆமைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ளவை என்றும், ஆகவே இது துறையிடம் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆதாரமாக இணைத்திருந்த ஒளிநகல், திருத்தத்துக்கு முந்தைய பதிப்பொன்றின் கடைசிப் பக்கங்களிலிருந்து எடுத்தது. ஆமைகள் பற்றிய வரிக்குக் கீழே நீல மையில் கவனமாகக் கோடு போட்டிருந்தார்கள். அரசுத் தரப்பு எதிருரையோ, அது இப்போது முதல் அட்டவணை உயிரினம் என்ற ஒரே வரியில் முடிந்திருந்தது. அந்த வரிக்கு மனுதாரர் தரப்பில் பதில் இல்லை. வழக்குக் கட்டு என்னிடம் வந்தபோது கட்சிக்காரர் உள்ளே சென்று 19 நாள் ஆகியிருந்தது.

இப்படியொரு மனுவை நான் பார்ப்பது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் சம்பந்தப்பட்ட நண்பரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். இம்முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கட்சிக்காரர் கடத்தல்காரர் இல்லை. முள்வேலி கட்டும் கூலிவேலைக்குப் போனவர், புதரோரம் கண்ட ஆமைகளைக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட எடுத்து வந்திருக்கிறார். உடைந்த பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் மண்ணும் கீரையும் போட்டு வளர்த்திருக்கிறார்கள். ஓடுகளின் மேல் அவருடைய மகள் சிவப்பு நகப்பூச்சால் ஆளுக்கொரு பெயர் எழுதியிருந்தாள். கைப்பற்றுதல் மகஜரில் அந்த இரண்டு பெயர்களும் அடையாளக் குறிகளாகப் பதிவாகியிருக்கின்றன. உறவுக்காரப் பையன் ஒருவன் எடுத்துப் பகிர்ந்த கைபேசிக் காணொளி வனச்சரகர் பார்வைக்குப் போனது. அன்று மாலையே கைது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காயின. முதல் அட்டவணை உச்சப் பாதுகாப்புக்குரிய விலங்குகளுக்கு, இரண்டாவது மற்ற விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது, சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில் உள்ள உயிரினங்களுக்கு. நான்காம் அட்டவணை என்ற பெயர் இன்றும் இருப்பதால்தான் ஏமாந்துபோகிறோம். பழைய நான்காம் அட்டவணை குறைந்த தண்டனைக்குரிய உள்நாட்டு உயிரினங்களின் பட்டியலாக இருந்தது. புதியது பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியல். ஓர் உயிரினம் புதிய நான்காம் அட்டவணையிலும் இருந்து, முதல் அல்லது இரண்டாம் அட்டவணையிலும் இருந்தால், முதல், இரண்டாம் அட்டவணைகளுக்குரிய விதிகளே பொருந்தும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. 2019-இல் சைட்டிஸ் முதல் பின்னிணைப்புக்கு உயர்த்தப்பட்ட நட்சத்திர ஆமை, நம் சட்டத்திலும் இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்தை 54-ஆம் பிரிவின் கீழ் இணக்கமாகத் தீர்க்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. "ஒரு தொகையைக் கட்டினால் முடிந்துவிடும்" என்று குடும்பத்தாரிடம் சொன்ன வாக்கு அந்த இடத்திலேயே பொய்த்துப்போனது.

கட்சிக்காரர்களிடமும், வருத்தத்தோடு சொல்கிறேன், வழக்கறிஞர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கும் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். "இது ஒன்றும் அழிந்துவரும் இனம் இல்லையே, ஊரெல்லாம் இருக்கிறதே" என்பதுதான் அது. பச்சைக்கிளிக்கு இதைச் சொல்கிறார்கள், மயிலுக்குச் சொல்கிறார்கள், மண்ணுளிப் பாம்புக்குச் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் நிகழ்ந்ததா என்று தீர்மானிக்க, அந்த உயிரினம் நாட்டில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எந்த நீதிமன்றமும் எண்ணிப் பார்ப்பதில்லை. அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மயில், உடனடி அழிவாபத்து இல்லாத இனங்களின் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் நம் சட்டத்தில் அது முதல் அட்டவணை. வயலில் நெல்லைக் கொத்துகிறது என்று மயிலுக்கு விஷம் வைத்தவருக்கும், புலியைக் கொன்றவருக்கும் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை ஒன்றே. அந்தச் சிவப்புப் பட்டியல் அறிவியலாளர்கள் ஆபத்தை அளந்து வைத்திருக்கும் அளவுகோல். அதை அச்செடுத்துப் பிணை மனுவோடு இணைப்பதால் கட்சிக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. பச்சைக்கிளியும் அந்தப் பட்டியலில் ஆபத்தில்லாத இனமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. இங்கே அது இரண்டாம் அட்டவணை. கூண்டிலடைத்து வளர்த்தால், வாங்கி விற்றால், வழக்கு வரும். "பணம் கொடுத்து வாங்கினேன்" என்பதும் எதிர்வாதமாகாது. அது வாங்கிய குற்றத்துக்கான ஒப்புதலாகவே முடியும். அன்பாக வளர்த்தேன் என்பதைத் தண்டனையின் அளவு பற்றிப் பேசும்போது சொல்லலாம். குற்றமே இல்லை என்று நிறுவ அது உதவாது.

வேட்டையாடுதல் என்ற சொல்லையும் பலர் துப்பாக்கியோடு சேர்த்தே நினைக்கிறார்கள். சட்டத்தின் விளக்கத்தில் பிடிப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அதில் அடங்கும். அதற்கு மேல், உயிரினம் ஒருவர் வசம் இருந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால், அது சட்டவிரோதமாகவே இருந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள 57-ஆம் பிரிவு வழிவகுக்கிறது. மறுத்து மெய்ப்பிக்கும் சுமை நம் பக்கம் வந்துவிடுகிறது.

இளைய வழக்கறிஞர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். கட்டைத் திறந்ததும் குற்றம் நடந்த நாளைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1-க்கு முன் நடந்து முடிந்த செயலுக்குக் கடுமையான புதிய தண்டனையைப் பொருத்த முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 20(1) உறுப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் 2021-இல் பிடித்த உயிரினத்தைக் கைதாகும் நாள்வரை வீட்டில் வைத்திருந்தவருக்கு அந்த வாதம் எளிதில் செல்லாது, ஏனெனில் உடைமையில் வைத்திருத்தல் நாள்தோறும் தொடர்வது. முதல் அட்டவணை என்றதும் பிணையே கிடைக்காது என்று கைவிட்டுவிடவும் வேண்டாம். 51A பிரிவின் கடுமையான நிபந்தனைகள், இதே சட்டத்தின் கீழ் முன்னர் தண்டனை பெற்றவருக்கு மட்டுமே பொருந்தும். அந்தப் பிரிவைக் கடைசிவரை படித்தவர்களுக்கு இது தெரியும். அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு என்பதால், 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளையும் எடுத்துவைக்கலாம். தொடக்கத்தில் நான் சொன்ன கட்சிக்காரருக்கு முதல் நாளே இந்த இரண்டு வாதங்களையும் வைத்திருக்க வேண்டும். அவை பின்னர் வைக்கப்பட்டன, பிணையும் கிடைத்தது. ஆனால் அந்த 19 நாள் கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

விசாரணைக் கட்டத்திலும் இதே கவனம் வேண்டும். 55-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலரின் புகாரின் பேரிலோ, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த தனிநபரின் புகாரின் பேரிலோதான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். ஆகவே புகாரில் கையெழுத்திட்டவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தை வழங்கிய ஆணை எங்கே என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னர் விசாரணையில் ஏற்கத்தக்கது என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம்போல இதுவும் செல்லாது என்று எண்ணி, வனச்சரக அலுவலகத்தில் நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். நேரில் போங்கள்.

பொதுமக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். காட்டிலோ வயலிலோ கண்ட உயிரினத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அடிபட்டதாக இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவித்துவிட வேண்டும் என்பது 39-ஆம் பிரிவு. உரிய நேரத்தில் தெரிவித்ததற்கான ஒப்புகைச் சீட்டு ஒன்று கையில் இருந்தால், அதுவே உங்கள் முதல் பாதுகாப்பு. பாட்டனார் காலத்துத் தந்தமோ புலி நகமோ பெட்டியில் கிடக்கிறது என்றால், உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுரிமையாக வந்தது என்றால், வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். சங்கிலியில் கோத்துப் போட்டுப் படம் எடுத்துப் பகிராதீர்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற சைட்டிஸ் பட்டியல் உயிரினத்தை வளர்ப்பவர்கள், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த ரசீது பதிவாகாது.

மருத்துவர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் இருக்கின்றன, நீதிபதிகளுக்கு நீதித்துறைப் பயிலகம் இருக்கிறது. நமக்கு ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அதன் பிறகு எதையும் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து படித்தோம். அன்றாடம் தேவைப்படுகிறது என்பதால் படித்தோம். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் வன உயிரின வழக்குக்கு யாரும் படிப்பதில்லை, அந்த ஓரிரு வழக்குகளில் சிக்குவோர் பெரும்பாலும் எங்கு போய்க் கேட்பது என்றே தெரியாத எளியவர்கள். ஒவ்வொரு வழக்கறிஞர் சங்கமும் ஒரு மாலையை ஒதுக்கி, ஒரு வன அலுவலரையும் இத்துறையில் வாதாடும் ஒருவரையும் அழைத்து, நான்கு அட்டவணைகளையும் வரிவரியாக வாசித்தால் போதும். அழைத்தால் நான் வருகிறேன்.

அதுவரை, இத்தகைய மனுவில் கையெழுத்திடும் முன்பு உங்கள் அலமாரியிலுள்ள சட்டப் புத்தகத்தின் பதிப்பாண்டைப் பாருங்கள். 2023-க்கு முந்தையது என்றால் மூடி வைத்துவிட்டு, அரசின் இந்தியா கோட் தளத்தில் நடப்பு வடிவத்தைத் திறந்து, உயிரினத்தின் அறிவியல் பெயரால் தேடி, கிடைத்த பக்கத்தை அச்செடுத்துக் கட்டில் முதல் தாளாக வையுங்கள். பத்து நிமிட வேலை.