வேன் நிற்கிறது, எஞ்சின் நிற்கவில்லை

டிசம்பர் பிறந்தால் கிளினிக்கில் இந்தக் கேள்வி தப்பாமல் வரும்: "டொக்டர், இந்தியாவுல இருந்து புகை வருதாமே, அதனாலயா பிள்ளைக்கு மூச்சு இழுப்பு?" கேட்பவர்களில் பலர் கொழும்பின் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கத்துத் தாய்மார். துறைமுகத்துக் கன்டெய்னர் லொறிகள் இரவு பகலாக ஓடும் பகுதி அது.

கேள்வியில் பிழையில்லை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று துணைக்கண்டத்தின் புகையை இங்கே தள்ளிக்கொண்டு வரும். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்கக் கடலில் இருந்தபோது அந்தப் புகையில் கொழும்பு மங்கிப்போய், பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஆனால் தென்மேற்குக் கடற்காற்று வீசும் மாதங்களிலும் அதே பிள்ளைகள் அதே இழுப்போடு வருகிறார்கள். பெரும்பாலும் தடிமன் வைரஸ்தான் அதைக் கிளப்பிவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் புகை பட்டுச் சிவந்து வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு ஒரு சின்னத் தடிமனே போதும்.

தினமும் படும் அந்தப் புகைக்கு இந்தியா வரை போக வேண்டாம். பகல் ஒன்றரைக்கு ஏதாவது ஒரு பெரிய பாடசாலை வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வேன்கள் வரிசையாக நிற்கும், ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு, பெரியவர்களுடையதை விடப் புகைக்குழாய்க்குக் கிட்ட இருக்கிறது. உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளை இழுக்கும் காற்றும் நம்மை விட அதிகம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

"எங்க வேன்ல கரும்புகையே வராது, எமிஷன் டெஸ்ட் பாஸ்" என்பார்கள். டீசல் வாகனத்துக்கு அந்தச் சோதனை பார்ப்பது புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதைத்தான். நுரையீரலின் அடிவரை போகும் பிஎம் 2.5 துகள் கண்ணுக்குத் தெரியாது. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். சோதனைக்கு முதல் நாள் கராஜில் டீசல் பம்பைக் குறைத்து, மறுநாள் கூட்டும் வித்தையை நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

"அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற ஆறுதலையும் கொஞ்சம் யோசித்தே ஏற்க வேண்டும். நமது 2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி பிஎம் 2.5இன் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார அமைப்பு 2021இல் வைத்த அளவு 5.

டீசல் கரி காற்றில் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான் தங்கும். ஆனால் தங்கும்வரை வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதனால் கரியைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும், சூட்டிலும் சரி, மூச்சிலும் சரி. மின்சாரக் கார் வாங்கும் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொழும்பின் காலி வீதி நெரிசலில் அதுவும் மற்றக் காரைப் போலவே இடத்தை அடைக்கும். அரசாங்கப் பணம் முதலில் பஸ்ஸை மின்சாரமாக்கப் போகட்டும் என்பது என் கட்சி. இலகு ரயில் திட்டத்தை 2020இல் கைவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அதுவரை? பிரதான வீதியை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே புகை குறையும். இழுப்பு இல்லாத நாளிலும் தடுப்புப் பம்பை (இன்ஹேலரை) நிறுத்தாதீர்கள், அது பழக்கமாகிவிடாது. படுக்கையறையில் நுளம்புத்திரி வேண்டாம். ஒரு திரி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. வலை கட்டுங்கள்.

வேன் அண்ணாவிடமும் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் ஏறும்வரை எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். நுரையீரல் கதை அங்கே எடுபடாது. நின்ற இடத்தில் மாதம் எவ்வளவு டீசல் எரிகிறது என்று அவரையே கணக்குப் போட விடுங்கள்.