நன்கொடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்

இங்கிலாந்தில் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இங்கே குளிர் விட்டதும் ஆளாளுக்கு ஏதாவது ஒரு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுப்பார்கள். நோயாளிகளும் கொடுக்கிறார்கள். பேர் கொடுத்து, இணையத்தில் நன்கொடைப் பக்கம் திறந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் காசு போட்ட பிறகுதான் என்னிடம் வந்து கேட்பார்கள்: "ஓட்டலாமா?"

பெரும்பாலோருக்கு "ஓட்டலாம்" என்றுதான் சொல்கிறேன். எனக்குப் பயம் அந்த நன்கொடைப் பக்கத்தின் மேல்தான். ஐம்பது பேர் காசு போட்ட பின் நடுவழியில் இறங்க யாருக்கு மனம் வரும்? முதுகில் புதிதாக வலி எடுத்தாலும், காய்ச்சல் அடித்தாலும், "இன்னும் பத்து மைல்தானே" என்று மிதிப்பார்கள்.

இப்படிப் பேசும்போது ஜேன் டாம்லின்சன் பேச்சில் வந்துவிடுவார். லீட்ஸ் நகரத்துக்காரர், எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராஃபர், மூன்று பிள்ளைகளின் தாய். 1990-இல், 26 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. 2000-இல் அது பரவிவிட்டது, இனிக் குணப்படுத்த முடியாது, ஆறு மாதம்தான் என்றார்கள். அதற்குப் பிறகு 2003-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ'கிரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை சைக்கிளில் போனார். 2004-இல் ரோமிலிருந்து லீட்ஸ், 2006-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க். அந்தக் கடைசிப் பயணம் மட்டும் 6,700 கிலோமீட்டர், ஒன்பது வாரம். மொத்தம் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்துவிட்டு 2007 செப்டம்பரில், 43 வயதில் இறந்தார்.

அவருடைய மன உறுதியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் நோயாளிகளுக்குக் காட்டுவது வேறு விஷயத்தை. முதல் இரண்டு நெடும்பயணங்களும் தம்பியோடு, இருவர் சேர்ந்து மிதிக்கும் டாண்டம் சைக்கிளில். அமெரிக்காவிலும் தம்பி கூடவே போனார். தனியாக ஓட்டினால்தான் வீரம் என்று நினைப்பவர்களுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொருவர் கிறிஸ் ஹாய், ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற சைக்கிள் வீரர். 2023-இல் தோள் வலி. ஜிம்மில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார். ஸ்கேனில் தெரிந்தது, புராஸ்டேட்டிலிருந்து எலும்புக்குப் பரவிய நான்காம் கட்டப் புற்றுநோய். 2025 செப்டம்பரில் கிளாஸ்கோவில் 'டூர் டி 4' என்று ஒரு பயணம் நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தூரத்தை ஒன்றாக வைக்காமல் பலவிதமாக வைத்ததுதான் எனக்குப் பிடித்தது.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். சிகிச்சையின்போது படுத்தே இருக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் (ACSM) கூட்டிய நிபுணர் குழு 2019-இல் சொன்னது: வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி. களைப்பு, பதற்றம் இரண்டும் குறையும். 2025-இல் வந்த ஓர் ஆய்வில், மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் திரும்ப வருவது குறைந்தது. ஆனால் அது அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்தவர்களிடம் நடந்த ஆய்வு. பரவிய நோய் உடற்பயிற்சியால் மறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் முதலில் பார்ப்பது எலும்பை. மிதிப்பதால் எலும்புக்கு அதிர்ச்சி குறைவு, ஓடுவதைவிட நல்லது. ஆபத்து விழுவதில்தான். புற்றுநோய் எலும்பில் பரவியிருப்பது எங்கே, என்ன அளவு, எலும்பை அரித்திருக்கிறதா, காலை ஊன்றும்போது வலிக்கிறதா என்று பார்ப்போம். தொடை எலும்பின் மேல்பகுதியில் பெரிய அரிப்பு, ஊன்றினால் வலி என்றால் சைக்கிள் பேச்சே கிடையாது. அவரை முதலில் எலும்பு அறுவை மருத்துவரிடம் அனுப்புவேன், உடைவதற்கு முன்பே கம்பி வைக்க வேண்டியிருக்கலாம். படுத்தால் அதிகமாகும் முதுகுவலி, கால் மரத்துப்போவது அல்லது தளர்வது, சிறுநீர் போவதில் மாற்றம், இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. தண்டுவடம் நசுங்கும் அறிகுறிகள் இவை. ஒரு நாள் தள்ளினால் காலின் பலம் திரும்பாமலே போகலாம். எலும்பில் நோய் இருந்தும் வலி இல்லாத பலருக்கு வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளே போதும். விழ வாய்ப்பில்லை.

அடுத்தது கை. இதை யாரும் யோசிப்பதில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு, விரல்களை மரத்துப்போகச் செய்யக்கூடிய ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், "ஊரில பாதி வயசு சைக்கிள்லதானே போச்சுது தம்பி" என்றார். கால் பலம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மேசையில் ஒரு நாணயத்தையும் ஒரு சட்டைப் பொத்தானையும் வைத்து, கண்ணை மூடித் தடவி எது எதுவென்று சொல்லச் சொன்னேன். விரல் இரண்டின் மேலும் ஊர்ந்தது, தெரியவில்லை. அப்புறம் சைக்கிளில் உட்கார வைத்துப் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். அழுத்துகிறார், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. "பிடிச்சிட்டன்" என்றார், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மருந்து எடுத்த நாட்களில் குளிர்ந்த இரும்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், அதிகாலையில் வெறுங்கையோடு கிளம்பக் கூடாது. இங்கே பலர் பேர் கொடுக்கும் லண்டன்–பிரைட்டன் நிதி திரட்டும் பயணம் 54 மைல். முடிவுக்குப் பக்கத்தில் டிச்லிங் பீக்கன் என்ற மேடு வரும். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள், எனக்குக் கவலை அந்தப் பக்கம் இறங்குவதில்.

மற்றவை சுருக்கமாக. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தால் சாலைக்குப் போக வேண்டாம், சின்ன விழுகையே பெரிய ரத்தக்கசிவாகிவிடும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகள் எடுத்தவர்கள் இதய எக்கோ பார்த்துவிட்டு வரட்டும். புராஸ்டேட் நோயாளிகள், நோயின் போக்கைக் கவனிக்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக ஓட்டாமல் இருப்பது நல்லது, அளவு ஏறித் தெரியலாம். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் பொதுவாக மிகக் குறைந்திருக்கும், பயணத் தேதி அதில் விழக் கூடாது. 38 டிகிரி காய்ச்சல் வந்தால், அது பயண நாள் காலையாக இருந்தாலும், ஆஸ்பத்திரி அவசர எண்ணுக்குத்தான் முதல் போன்.

இப்போது அந்த நன்கொடைப் பக்கம். அதில் தூரத்தை எழுதாதீர்கள். "சிகிச்சையில் இருக்கிறேன், அன்று முடிந்த அளவு ஓட்டுவேன், தேவைப்பட்டால் இறங்குவேன்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். இதனால் யாரும் காசைத் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி, கூட ஓட்டுபவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் "இறங்கு" என்றால் இறங்க வேண்டும், வாதம் கிடையாது. அந்த ஆள் கணவனாகவோ மனைவியாகவோ இல்லாமலிருந்தால் நல்லது, அவர்கள் சொல்வதை நாம் கேட்க மாட்டோம். எங்கே நின்றாலும் ஏற்றிக்கொள்ள ஒரு கார், மருந்துப் பட்டியல், அவசர எண் எல்லாம் சட்டையின் பின்பையில்.

மோட்டார் வைத்த சைக்கிளில் போனால் ஏமாற்று வேலையா என்று சிலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள். இல்லவே இல்லை. நடத்துபவர்கள் அனுமதிக்கிறார்களா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.