‘கேப்பர்’ படத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

திருடப் போன இடத்தில் திட்டமெல்லாம் சொதப்பிச் சிரிப்பாய்ச் சிரிக்கும் படங்களை ‘கேப்பர்’ என்கிறார்கள். பலர் இதையும் ‘ஹைஸ்ட்’டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். தூக்குதல் என்று பொருள்படும் ‘ஹாய்ஸ்ட்’ அமெரிக்கக் கொச்சையில் திரிந்து ஹைஸ்ட் ஆனது. நாமும் ‘வண்டியைத் தூக்கிட்டான்’ என்கிறோமே, அதேதான். ஹைஸ்ட் என்றால் கொள்ளை, அவ்வளவே. கேப்பரில் கொள்ளையைவிடக் கோமாளித்தனம் பெரிது.

கேப்பரின் வேரில் நிற்பது ஓர் ஆடு. லத்தீனில் ‘காப்பெர்’ என்றால் வெள்ளாட்டுக் கடா. அந்த வழியில் வந்த ‘காப்ரியோலா’ இத்தாலியில் துள்ளலைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் அது துள்ளாட்டம், அப்புறம் சேட்டை, 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கொச்சையில் திருட்டு வேலை. நாம் புக் செய்கிற ‘கேப்’பும் இதே ஆட்டின் வாரிசுதான்: துள்ளித் துள்ளி ஓடிய ‘கேப்ரியோலே’ என்ற குதிரை வண்டியின் சுருக்கம். சமையலில் சேர்க்கும் கேப்பர் மொட்டு மட்டும் வேறு குடும்பம், கிரேக்க வழி.

1958இல் மாரியோ மோனிச்செல்லி இயக்கிய ‘இ சொலிட்டி இன்யோட்டி’யைப் பாருங்கள். ரோமில் அடகுக்கடைக்குள் நுழையப் பக்கத்து வீட்டிலிருந்து கன்னம் வைக்கிறார்கள். மாடாய் உழைத்து உடைத்த சுவருக்கு அந்தப்புறம் அதே வீட்டின் அடுக்களை! சரி, வந்ததுதான் வந்தோம் என்று அங்கிருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் தின்கிறார்கள்.

இதற்குத் தமிழ்ப் பெயர்? ‘நகைச்சுவைக் குற்றப்படம்’ கோப்பில் எழுதுகிற தமிழ். ‘களவுக்கூத்து’ என்றால் இலக்கணம் படித்தவர்கள் தலைவன் தலைவியின் மறைவான காதல் கதை என்று நினைத்துக்கொள்வார்கள். ‘திருட்டுப் படம்’ சொல்லவே வேண்டாம், டெலிகிராமில் தேடிப் போய்விடுவார்கள்.

என் ஓட்டு ‘கொள்ளைக்கூத்து’. ஆட்டத்தைக் குறிக்கும் கூத்து, ‘அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள்’ என்னும்போது கேலிக்குரிய நிகழ்ச்சியாகிவிடுகிறது. துள்ளாட்டம் சேட்டையான அதே பாதை. ‘கொள்ளை அழகு’ என்பதில் உள்ள மிகுதிப் பொருளும் சேர்ந்துகொள்கிறது.

1969இல் வந்த ‘தி இத்தாலியன் ஜாப்’பில் ஆங்கிலேயத் திருடர்கள் தூரின் நகருக்குப் போய்த் தங்கத்தை அடிக்கிறார்கள். கடைசியில் ஆல்ப்ஸ் மலை விளிம்பில் பஸ் பாதி அந்தரத்தில் ஆடுகிறது. ஒரு முனையில் தங்கம், மறு முனையில் திருடர்கள். கொள்ளையும் இருக்கிறது, கூத்தும் இருக்கிறது.